மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட்: வாங்கலாமா?

வெயிலைத் திருப்பியனுப்பும் இந்தப் பூச்சை, கடைசி மாடியில் குடியிருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். அதற்குக் கீழ்த்தளத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. மேற்குச் சுவர் வாங்கும் வெயிலுக்கும் இது மருந்தல்ல.

உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தில் சுமார் 1000 வாட் வெப்பம் விழுகிறது. பழைய சிமென்ட் தளம் அதில் 700 வாட் வரை உறிஞ்சும். புதுப் பூச்சு 200 வாட்டோடு நின்றுவிடும். "10 டிகிரி குறையும்" என்ற விளம்பரத்தைத் தளத்தின் மேற்பரப்புக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் 2 முதல் 5 டிகிரி குறைந்தாலே நல்ல பலன்.

கடைக்காரர் காட்டும் எஸ்.ஆர்.ஐ. எண் (வெயிலைத் திருப்பி, ஏறிய சூட்டை வெளியே விடும் திறனைச் சொல்லும் அளவு) புதுப் பூச்சுக்கானது. தூசியும் பாசியும் படிந்து பிரதிபலிப்பு 0.8இலிருந்து (அதாவது விழும் வெயிலில் 80 சதவீதம்) 0.6க்கு இறங்கினால், உறிஞ்சும் வெப்பம் இரண்டு மடங்காகிவிடும். ஆகவே மூன்றாண்டு வெயில் மழைக்குப் பிந்தைய அளவைக் கேளுங்கள். அமெரிக்காவின் கூல் ரூஃப் ரேட்டிங் கவுன்சில் அதையும் அளந்து வெளியிடுகிறது. வெள்ளைக்குப் பதில் அலுமினியப் பெயின்ட் வேண்டாம். அது வெயிலைத் திருப்பும், ஆனால் ஏறிய சூட்டை லேசில் வெளியே விடாது.

அதிகம் ஏமாறுவது அளவில்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தடவினால் ஈரத்தில் 1 மி.மீ. தடிமன், பெயின்ட்டின் கன அளவில் திடப்பொருள் பாதி என்றால் காய்ந்தபின் அரை மி.மீ. நிற்கும். இந்தக் கணக்கில் 20 லிட்டர் வாளி சுமார் 215 சதுர அடிக்குத்தான் வரும். அதே வாளியை 600 சதுர அடிக்கு இழுப்பவர் தண்ணீர் கலக்கிறார், அல்லது மெல்லிசாகத் தேய்க்கிறார். சொரசொரப்பான தளம் இன்னும் கூடுதலாகக் குடிக்கும்.

பூச்சு கொப்பளித்து உரிவதற்கு முதல் காரணம் தளத்துக்குள் தங்கிய ஈரம். 18 அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். பாசியை பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வெடிப்புகளை 'வி' வடிவில் கீறி, நெகிழும் தன்மையுள்ள சீலன்ட்டால் அடைக்க வேண்டும். வெறும் சிமென்ட் பால் அடுத்த கோடையிலேயே பிளந்துவிடும். கைப்பிடிச்சுவர் சேரும் மூலையில் ஃபைபர் வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள். வாட்டம் சரியில்லாமல் நீர் தேங்கினால் அதை முதலில் திருத்துங்கள், எந்தப் பூச்சும் தேங்கிய நீரில் நெடுநாள் தாங்காது. கொதிக்கும் தளத்தில் அடித்தால் மேல்தோல் சட்டென்று காய்ந்து ஊசித்துளைகள் விழும். காலையிலோ நாலு மணிக்கு மேலோ அடிப்பதே சரி. இரண்டாம் கோட் முதல் கோட்டுக்குக் குறுக்காகப் போக வேண்டும்.

பணம் இடித்தால் சுண்ணாம்பும் நல்ல தேர்வுதான், மழைக்குப்பின் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. துணி காயப்போட, வடகம் போட என்று தினமும் நடமாடும் மாடியானால் வெள்ளை ஓடு பதிப்பதே நல்லது. எதைச் செய்தாலும் ஆண்டுதோறும் மார்ச்சுக்கு முன் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.