கரண்ட் போய் வந்தால் நெட் வராது: இரண்டரை வருட ஃபைபர் அனுபவம்

மதுரையில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. 200 எம்பிபிஎஸ் திட்டம். கீழே ஹாலில் கம்பெனி கொடுத்த பெட்டி. மாடிக்கு சிக்னல் ஏறவில்லை என்று, சும்மா கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றுக்கு லேன் கேபிள் இழுத்து மேலே வைத்தேன். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. இணைப்பைப் பற்றிப் பெரிய குறை இல்லை. ஆனால் ஒரு தொல்லை என்னை வருடக்கணக்கில் சுற்றவிட்டது.

கரண்ட் போய் வந்தால் நெட் வராது. அதுவும் எல்லோருக்கும் இல்லை. ஹாலில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் போனில் செய்தி ஓடும். மாடியில் என் லேப்டாப்பில் ஒன்றும் திறக்காது. டிவி, வைஃபை இருக்கிறது ஆனால் இன்டர்நெட் இல்லை என்று சொல்லும். சிக்னல் கோடுகள் மட்டும் முழுசாக நிற்கும். வைஃபையை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகும், சில நேரம் ஆகாது. புகார் கொடுத்தால் ஆள் வருவார், பெட்டியை அணைத்துப் போடுவார், “இப்ப பாருங்க சார்” என்பார். அவர் இருக்கும்வரை எல்லாம் ஓடும்.

பெட்டிக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி மாட்டினேன். தொல்லை பாதியாகக் குறைந்தது. அதுதான் வினையாகப் போனது. கரண்ட் விட்டு விட்டு வருவதில் பெட்டிதான் குழம்புகிறது என்று முடிவுகட்டி, இன்னும் நாலு மாதம் தப்பான இடத்தில் தேடினேன்.

ஒரு நாள் எரிச்சலில் போனின் வைஃபை விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஐபி முகவரி 192.168.0.104, கேட்வே (வெளியே இணையத்துக்குப் போகும் வாசல்) 192.168.0.1. அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தால் 192.168.1.7, கேட்வே 192.168.1.1. ஒரே வீட்டில் இரண்டு தெரு! கீழ்ப் பெட்டியின் முகவரி 192.168.1.1. அப்படியானால் அந்த இன்னொரு கேட்வே யார்?

மாடியில் இருந்த பழைய ரவுட்டர்தான். ஒவ்வொரு கருவிக்கும் முகவரி பிரித்துக் கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை அதுவும் செய்துகொண்டிருந்தது. அதை நான் அணைக்கவே இல்லை. கரண்ட் வந்ததும் அது அரை நிமிடத்தில் எழுந்துவிடும். கீழ்ப் பெட்டிக்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் முகவரி கேட்டு வந்த கருவிகளுக்கெல்லாம், “என் வழியாகப் போ” என்று அதுவே பதில் சொல்லியிருக்கிறது. வெளி இணைப்பு மாட்டும் அதன் வேன் (WAN) துளையோ காலி. அந்த வழியாகப் போனால் வெளியே எங்கே போவது? அப்பாவின் போனுக்கு மாடி சிக்னல் எட்டாது, அதனால் அது மட்டும் தப்பித்தது.

சரிசெய்ய பத்து நிமிடம்தான் ஆனது. பழைய ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன், டிஹெச்சிபியை அணைத்தேன், கேபிள் லேன் துளையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். முகவரி கொடுப்பது இப்போது கீழ்ப் பெட்டி மட்டும்தான்.

அப்புறம் ஒரு சின்ன வழக்கு. கேபிளில் இணைத்த கம்ப்யூட்டரில் வேகம் எப்போது சோதித்தாலும் 94ஐத் தாண்டாது. வைஃபையிலேயே 180 வரும்போது கேபிளில் ஏன் 94? ஜிகாபிட் வேகத்துக்கு (1000 எம்பிபிஎஸ்) கேபிளின் எட்டு கம்பிகளும் வேண்டும். 100க்கு வேண்டிய நாலு தொட்டு, மற்றதில் ஒன்று விட்டுப்போனாலும் கருவிகள் 100க்கு இறங்கிவிடும், கையில் வருவது 94 சொச்சம். கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பழுப்புக் கம்பி உள்ளேயே போகவில்லை. வெட்டி, புது கனெக்டர் போட்டுக் கிரிம்ப் செய்ததும் முழு வேகம் வந்தது.

கம்பெனிப் பக்கம் உண்மையிலேயே தவறு என்று சொல்ல இத்தனை நாளில் இரண்டே தடவைதான். இரண்டிலும் பெட்டியில், ஃபைபரில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஃபைபர் வெளியே அறுந்திருந்தது, வந்து ஒட்டிக் கொடுத்தார்கள்.

போன மாதம் மறுபடியும் அதே கூத்து. கரண்ட் வந்தது, டிவியில் நெட் இல்லை. இந்த முறை நேராகப் போனைத்தான் எடுத்தேன். 192.168.0 என்று ஆரம்பித்தது முகவரி. மாடிக்குப் போய் விசாரித்தால், வைஃபை மெதுவாக இருக்கிறதென்று மச்சான் குண்டூசியால் பழைய ரவுட்டரின் ரீசெட் துளையைக் குத்தியிருக்கிறான். நான் மாற்றியதெல்லாம் அழிந்து, டிஹெச்சிபி மறுபடி எழுந்துவிட்டது.