மாடி அலுவலகத்துக்கு கேபிளா, மெஷ் வைஃபையா?

கீழே ஹாலில் ஃபைபர் மோடம், மேலே அலுவலக அறை. நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டும்போதே வெகுவாக வலுவிழந்துவிடும்.

மெஷ் வைஃபை என்றால் இரண்டு மூன்று வைஃபை பெட்டிகள் கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று சிக்னலைக் கடத்தும் முறை. அதற்குச் சுவரை உடைக்க வேண்டாம். வாடகை வீட்டுக்கு அதுதான் சரி. இரண்டாவது பெட்டியை அறைக்குள் வைக்காமல் மாடிப்படித் திருப்பத்தில் வையுங்கள், அங்கே சிக்னல் இன்னும் மிச்சமிருக்கும்.

சொந்த வீடென்றால் கேட்6 கேபிள்தான் (நான்கு ஜோடிக் கம்பி கொண்ட நெட்வொர்க் கேபிள்) என் தேர்வு. 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகம் தாராளமாக வரும். இரண்டு கேபிளாக இழுத்துவிடுங்கள்: ஒன்று இணையத்துக்கு, இன்னொன்று தொலைபேசிக்கு. ஃபைபர் இணைப்பில் லேண்ட்லைன் மோடத்தின் போன் போர்ட்டிலிருந்தே வருகிறது. அதற்கு ஒரு ஜோடிக் கம்பி போதும், மீதி மூன்று ஜோடி பின்னாளில் உதவும். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் வளைத்தால் எளிதில் முறியும். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தனி பைப் கட்டாயம்.

கரண்ட் போனால் மோடத்தோடு போனும் நின்றுவிடும். எந்த வழியில் போனாலும் மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள். மெஷ் என்றால் மாடிப்படிப் பெட்டிக்கும் ஒன்று.