பருத்தியா, பாலியெஸ்டரா? வெளிர் நிறமா, அடர் நிறமா? ஒரு பனியனின் தண்ணீர்க் கணக்கு

ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாக 10,000 லிட்டர் தண்ணீர், ஆக கால் கிலோ டி-ஷர்ட்டுக்கு 2,500 லிட்டர். இந்தக் கணக்கு ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. ஒரு பொருளுக்குப் போகும் மொத்தத் தண்ணீரை, மழைநீர் உட்பட, எண்ணுகிற நீர்த்தடக் கணக்குமுறைதான் இதற்கு அடிப்படை, நெதர்லாந்து ஆய்வாளர் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா 2002-இல் கொண்டுவந்தது, அதில் தப்பும் இல்லை. ஆனால் திருப்பூர்ப் பக்கம் நொய்யல் ஆற்றோரத்தில் வளர்ந்த என்னால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடிவதில்லை. அதே டி-ஷர்ட்டின் துணிக்குச் சாயம் போட பழைய வின்ச் தொட்டியில் பிடித்தது 25, 30 லிட்டர்தான், எங்கள் ஆற்றைக் கெடுத்தது அதுதான்.

முதலில் பருத்திக்குள்ளேயே இரண்டு வகையைப் பார்க்கலாம். இந்தியப் பருத்திக்குக் கிலோவுக்கு 22,500 லிட்டர் என்கிறார்கள், கேட்டால் தலை சுற்றும். விளைச்சல் குறைவு என்பதால் எண் ஏறுகிறது. ஆனால் இங்கே பெரும்பகுதிப் பருத்தி மானாவாரி. விதர்பாவின் கரிசல் காட்டில் பெய்த மழையைக் குடித்து வளர்கிற செடி யார் கிணற்றையும் வற்ற வைப்பதில்லை. பஞ்சாப், ஹரியானாவில் கால்வாயும் போர்வெல்லும் வைத்து விளைவது வேறு கதை. மத்திய ஆசியாவில் அமு தரியா, சிர் தரியா ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பிவிட்டதில் ஆரல் கடல் வற்றிப்போனது தெரியும்தானே. அதனால் லிட்டர் கூடினாலும் மானாவாரிக்கே என் ஓட்டு. சிக்கல் என்னவென்றால், மில்லில் பஞ்சுப் பொதிகள் கலந்துவிடும், துணியின் லேபிளில் இது எதுவும் இருக்காது.

பாலியெஸ்டர் தண்ணீர்க் கணக்கில் சுலபமாக ஜெயிக்கும். வயல் வேண்டாம், சாயத்துக்கு உப்பும் வேண்டாம். உலகில் தயாராகும் இழைகளில் பாதிக்கு மேல் இன்றைக்கு அதுதான், திருப்பூரும் அந்தப் பக்கம் நகர்கிறது. ஆனால் துவைக்கும் ஒவ்வொரு தடவையும் நுண்ணிய பிளாஸ்டிக் இழை சாக்கடைக்குப் போகிறது, அப்புறம் நம் வெயிலுக்கு ஒரு நாள் போட்டாலே நாறும். எனக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால் நிஜமான போட்டி நிறத்தில்தான் இருக்கிறது. திருப்பூர் முதலில் வெள்ளை பனியன் ஊர், சலவைப் பட்டறை போதும். 1980-களில் ஐரோப்பிய ஆர்டர்கள் வந்து குவிய, கலர் டி-ஷர்ட் பெருகியது, சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும், கருப்பு, கருநீலம் மாதிரி அடர் நிறங்களுக்கு வெளிர் நிறத்தைவிடப் பல மடங்கு உப்பு. அது அத்தனையும் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனது, அணைக்குக் கீழே இருந்தவர்கள் தண்ணீரைத் திறக்காதே என்று போராடினார்கள். என் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றுத் தண்ணியில் பருப்பு வேகாது, வாளியின் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். அந்தச் சட்டைகளை வாங்கிப் போட்டவர்களின் ஊரில் ஒரு கிணறும் கெடவில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது சாயக்கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை, வந்தது. ஆர்.ஓ.வும் அதற்குப் பிறகான சுத்திகரிப்பும் சேர்ந்து 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது, இது பெரிய சாதனை, மனசாரச் சொல்கிறேன். ஆனால் மிஞ்சிய கழிவுத் தண்ணியைக் காய்ச்ச பாய்லரில் விறகு எரிகிறது, கடைசியில் தங்கும் உப்புக் கசடு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. செலவுக்குப் பயந்து வேறு ஊருக்குப் போய்விட்ட பட்டறைகளும் உண்டு.

சரி, எதை வாங்குவது? வெள்ளை அல்லது வெளிர் நிறப் பருத்தி, நாலு வருஷம் உழைக்கிற மாதிரி கனமான துணியில். அடர் நிறம்தான் வேண்டுமென்றால், கழிவைச் சுத்திகரிக்கும் பட்டறையில் சாயம் போட்டதா என்று கடையில் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாதுதான், ஆனால் நாலு பேர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார். மூன்று 500 ரூபாய் என்று விற்கிற கருப்பு டி-ஷர்ட்டை நான் தொடுவதே இல்லை.