பெருநாடி வீக்கம்: வயிற்றைத் திறப்பதா, ஸ்டென்ட் வைப்பதா?

வயிற்றுப் பெருநாடி (இதயத்திலிருந்து இறங்கும் பிரதான நாடி) வீங்கி, விட்டம் 5.5 செ.மீ. தாண்டிவிட்டது என்று ஸ்கான் சொன்னதும் மட்டக்களப்பு வீடுகளில் எழும் கேள்வி இது.

முதல் 30 நாள் உயிரிழப்பு (பிரித்தானிய ஆய்வு, 2004): திறந்த சத்திரசிகிச்சை 4.7%, ஸ்டென்ட் கிராஃப்ட் (கம்பி வலை தாங்கும் துணிக்குழாய்) 1.7%. சில வருடங்களில் இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

வார்டில்: திறந்த சத்திரசிகிச்சை என்றால் ஒரு வாரமளவில். ஸ்டென்ட் என்றால் இரண்டு மூன்று நாள்.

விலை: திறந்த சத்திரசிகிச்சையில் தைக்கும் துணிக்குழாயை விட ஸ்டென்ட் கிராஃப்ட் பல மடங்கு.

பின்தொடர்வுதான் நமக்குப் பெரிய விஷயம். ஸ்டென்ட்டைக் கவட்டு நாடியால் ஏற்றி உள்ளே விரிக்கிறார்கள். தையல் இல்லை. ஓரத்தாலோ சிறு கிளை நாடிகளாலோ இரத்தம் மறுபடி வீக்கத்துக்குள் கசியலாம். அதனால் ஆயுள் முழுக்க ஸ்கான். 'அறுவடை முடியட்டும், பிறகு கிளினிக் போவம்' என்கிற வாகரை மாமாவுக்கு இது சரிவராது.

வீக்கம் வளராமல் தடுக்க மருந்து கசியும் ஸ்டென்ட் வரட்டும் என்று காத்திருக்கலாமா? வேண்டாம். அவை விலங்குகளில் சோதிக்கப்படுபவை. பன்றியின் பெருநாடி நம்முடையதன் அளவுதான், ஆனால் அந்த வீக்கம் செயற்கையாக உண்டாக்கியது. மருந்தும் அப்படித்தான்: எலிகளில் பலன் காட்டிய டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, மாத்திரையாக மனிதருக்குக் கொடுத்த 2020 ஆய்வில் வீக்கத்தின் வளர்ச்சியைக் குறைக்கவில்லை.

அறுபது வயது, இதயம் நல்லது என்றால் திறந்த சத்திரசிகிச்சை. எண்பது, மூச்சிளைப்பு, ஸ்கானுக்குக் கூட்டிப்போகப் பிள்ளைகள் உண்டு என்றால் ஸ்டென்ட்.