பக்கவாதத்துக்குப் பின் எழுந்து நடக்க: மையமா, வீட்டுப் பயிற்சியா, குடும்பத்தார் துணையா?

பக்கவாதம் கண்டவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரும்போது, குடும்பத்தார் பெரும்பாலும் மூன்று வழிகளுக்கு இடையே தடுமாறுகிறார்கள்: உடலைப் பட்டைகளால் தாங்கி டிரெட்மில்லில் நடக்கவைக்கும் மறுவாழ்வு மையம், வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்ட், அல்லது சொல்லிக்கொடுத்ததை வைத்துத் தாங்களே செய்விக்கும் பயிற்சி. (எண்ணெய் தேய்ப்பதை நான்காவது வழியாக நான் சேர்க்கவில்லை, அது இதமளிக்கலாம், ஆனால் காலில் பாரம் தாங்கி எழும் பழக்கத்தைத் தேய்ப்பு மட்டும் திரும்பக் கொண்டுவராது.)

செலவு கூடிய வழியே பலனும் கூடியது என்று நினைப்பது இயல்பு. ஆனால் 2011இல் வெளியான அமெரிக்காவின் லீப்ஸ் ஆய்வு அதை ஆதரிக்கவில்லை. அதில் 408 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பக்கவாதம் கண்ட இரண்டாம் மாதத்திலும், மற்றொரு பிரிவினருக்கு ஆறாம் மாதத்திலும் டிரெட்மில் பயிற்சியைத் தொடங்கினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டாம் மாதம் முதல் பிசியோதெரபிஸ்ட் வீட்டிலேயே வலுவும் சமநிலையும் கூட்டும் பயிற்சி அளித்தார். ஓராண்டு முடிவில் மொத்தத்தில் 52 சதவீதத்தினரின் நடைத்திறன் மேம்பட்டிருந்தது. மூன்று பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நடை மிகவும் பாதிக்கப்பட்டிருந்தவர்களில், டிரெட்மில்லை முன்கூட்டியே தொடங்கியவர்கள் திரும்பத் திரும்ப விழுந்தது அதிகம். ஆறாம் மாதத்தில் தொடங்கியவர்களும் முன்னேறினார்கள் என்பது, "ஆறு மாதம் ஆயிற்று, இனி வராது" என்று கைவிடுவோர் கவனிக்க வேண்டிய செய்தி.

அப்படியானால் குடும்பத்தாரே போதுமா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்து 2017இல் வெளியான அட்டெண்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. வழக்கமான சிகிச்சையோடு குடும்பத்தாருக்குப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தபோது, ஆறாம் மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதமாகவே இருந்தனர். குடும்பத்தாரால் பயனில்லை என்று நான் இதைப் படிக்கவில்லை; தேர்ந்த ஒருவர் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் தலையில் கட்ட முடியாது என்றே படிக்கிறேன்.

அந்த வேலை என்ன என்பதை நாற்காலியிலிருந்து எழுவதில் பார்க்கலாம். இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை முன்சாய்ந்து எழ வேண்டும். நோயாளியோ பாரம் முழுவதையும் நல்ல காலில் போட்டு எழுவார். பார்ப்பவருக்கு அது வெற்றியாகத் தெரியும், பலவீனமான கால் மட்டும் எதையும் கற்றிராது. அந்தப் பாதத்தை மற்றதைவிடக் கொஞ்சம் பின்னே வைத்தால் பாரம் அதன்மேலும் இறங்கும். தொடக்கத்தில் உயரமான இருக்கையில் எழுப்பி, வலு கூடக்கூட உயரத்தைக் குறைப்பதும் அன்றாடம் எத்தனை முறை என்று கூட்டுவதும் பிசியோதெரபிஸ்டின் கணிப்பு. அவர் இல்லாத வீட்டில் அவசரத்துக்குச் செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்குவார்கள். அதில் தோள் மூட்டு பாதிக்கப்படும்.

எனவே, தாங்கலின்றி உட்கார முடியாதவருக்கும், இருவர் சேர்ந்தும் எழுப்பச் சிரமப்படுபவருக்கும், விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்கும் மையத்தில் சில வாரங்கள் தங்குவதே பாதுகாப்பு. அங்கே இயந்திரத்தைவிடக் கூடவே நிற்கும் ஆள்களே முக்கியம். ஓரளவு நிமிர்ந்து உட்காரக்கூடியவருக்கு வீட்டுப் பயிற்சியையே நான் தேர்வேன். பிசியோதெரபிஸ்ட் முறையை வகுத்துத் தவறாமல் வந்து திருத்தட்டும். அவர் வராத நாள்களில் அதே பயிற்சியைக் குடும்பத்தார் செய்விக்கட்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) அடங்கும் என்பதால், பணம் இல்லாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.