மழையிலும் பனிக்குளிரிலும் குதிரைச் சவாரி: போர்வையா ரோமமா, தோல் சேணமா சிந்தெடிக்கா, லாடமா வெறும் குளம்பா?

மழையில் அரை மணி நேரம் சவாரி போய்விட்டு வந்த குதிரையின் ரோமத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். குளிர்கால ரோமம் நன்றாக வளர்ந்த குதிரை என்றால் மேல்நுனிகள் நனைந்து கூர்கூராக ஒட்டிக்கொண்டு தண்ணீர் சொட்டும், அடியில் தோல் மட்டும் உலர்ந்து கதகதப்பாக இருக்கும். அதே குதிரையை மழையே இல்லாத ஒரு குளிர்நாளில் அரை மணி நேரம் கேன்டரில், அதாவது நிதானமான ஓட்டத்தில், ஓட்டிவிட்டு வாருங்கள். இப்போது மேலே ஒன்றும் தெரியாது, விரலை உள்ளே விட்டால் தோல் வியர்வையில் ஊறிக் கிடக்கும். மழைக்காலத்துக்கு என்ன சாமான் வாங்கலாம் என்று யோசிக்கிறவர்கள் மேலிருந்து விழுகிற ஈரத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். உள்ளிருந்து வருகிற ஈரம்தான் குதிரையை அதிகம் படுத்துகிறது என்பது என் அனுபவம். இங்கே நான் ஒப்பிடுகிற எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் பெரிய வழக்கு, போர்வையா சொந்த ரோமமா. குதிரைக்குக் குளிர்கால ரோமம் முளைக்கத் தொடங்குவது முக்கியமாகப் பகல் பொழுது குறைவதை வைத்துத்தான், அதனால் நமக்கு இன்னும் வேர்த்துக்கொண்டிருக்கும்போதே அது குளிருக்குத் தயாராக ஆரம்பித்துவிடும். குளிர் தாக்கியதும் மயிர்கள் குத்திட்டு நின்று இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சூட்டைக் காப்பது அந்தக் காற்றுதான். தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை மழைத் தண்ணீரை வழிந்தோட விடுகிறது. நல்ல குளிர்கால ரோமம் உள்ள ஆரோக்கியமான குதிரைக்கு ஏறக்குறைய மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரைக்கும் உடல் சூட்டைக் காப்பாற்றக் கூடுதல் சக்தி தேவைப்படாது என்று சொல்வார்கள். கோடை ரோமத்தோடு இருந்தால் அந்த எல்லை 5 டிகிரிக்கு ஏறிவிடும், தோல் வரைக்கும் நனைந்துவிட்டாலும் எல்லை ஏறும். சைபீரியாவின் யாக்கூத்தியக் குதிரைகள் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே வெட்டவெளியில் நின்று, பனியைக் குளம்பால் தோண்டிப் புல் மேய்ந்து வாழ்கின்றன.

ஆனால் இதில் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மைனஸ் 10 டிகிரியில் காற்றில்லாமல் உலர்ந்து கிடக்கும் நாளைவிட, 3 டிகிரியில் விடாமல் தூறி, கூடவே காற்றும் அடிக்கிற நாள்தான் குதிரைக்குக் கொடுமையானது. நனைந்த மயிர் படுத்துவிடும், பிடித்து வைத்த காற்று போய்விடும், வீசுகிற காற்று மிச்சமிருக்கும் சூட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடும். தெர்மாமீட்டர் காட்டுகிற எண்ணை மட்டும் பார்த்துப் போர்வையை முடிவு செய்தால் தப்பாகத்தான் போகும்.

போர்வையின் பக்கம் வருவோம். உள்ளே வைத்திருக்கும் பஞ்சை, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள்: 0 கிராம் என்றால் வெறும் மழைத்துணி, 200 நடுத்தரம், 300க்கு மேல் போனால் கனத்த போர்வை. மேல்துணியின் முரட்டுத்தனத்தை, நூலின் தடிமனைக் குறிக்கும் டெனியர் என்ற அளவில் சொல்வார்கள். 600 டெனியர் சாதுவான குதிரைக்குப் போதும், வேலியில் உரசுகிறதோ மற்ற குதிரைகளோடு கடித்து விளையாடுகிறதோ, 1200 டெனியருக்குப் போங்கள். பலர் கவனிக்காதது இது: அடர்ந்த ரோமத்தின் மேல் ஒரு மெல்லிய போர்வையைப் போட்டால் அது மயிரை அமுக்கிவிடும், அதனால் போகிற சூட்டை ஈடுகட்டுகிற அளவுக்குப் போர்வையில் பஞ்சும் இருக்காது. அரைகுறையாகப் போர்த்துவதைவிடச் சும்மா விட்டுவிடுவது மேல்.

நான் சவாரி செய்துகொண்டிருந்த ஒரு சிவலைப் பெண்குதிரைக்கு, 6 டிகிரி நாள் ஒன்றில் பாவம் நடுங்குமே என்று 300 கிராம் போர்வையைக் கட்டிவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் மார்பு வாரை அவிழ்த்ததும் உள்ளேயிருந்து ஆவி கிளம்பியது. தோள் இரண்டும் வேர்த்து நனைந்து, வார் உரசிய இடத்தில் மயிர் தேய்ந்து பளபளவென்று இருந்தது. ராத்திரி முழுக்க அது சூட்டில் தவித்திருக்கிறது, தானாகக் கழற்றவும் முடியாது. அன்றைக்குப் பிறகு போர்வையைப் போடுவதற்கு முன்னால் நான் ரொம்பவே யோசிக்கிறேன்.

நீர் புகாத பூச்சு தேய்ந்து ஒழுகும் போர்வை அதைவிட மோசம். தோல் நாள் கணக்கில் ஈரத்திலேயே வெந்து, டெர்மடோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியா பெருகி, முதுகில் பொருக்குப் பொருக்காகக் கட்டி மயிர் கொத்தாகப் பிய்ந்து வரும். போர்வை போடுகிறவர்கள் தினமும் ஒரு தடவை அதை முழுக்கக் கழற்றி உடம்பைத் தடவிப் பார்த்தே ஆக வேண்டும். போர்வைக்குள்ளே குதிரை இளைத்துக்கொண்டே போவது வெளியில் தெரியாது.

அதனால் என் தீர்ப்பு இதுதான்: ஒதுங்க ஒரு கொட்டகை இருந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடையும் கொஞ்சம் ட்ராட்டும் (நடைக்கும் கேன்டருக்கும் இடைப்பட்ட வேகம்) மட்டும் என்றால் போர்வை வேண்டாம், உலர்புல்லின் அளவைக் கூட்டுங்கள். உலர்ந்த புல்லின் நார் பெருங்குடலில் நொதிக்கும்போது உண்டாகும் சூடு எந்தப் போர்வையும் தராத சூடு. 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7.5 முதல் 10 கிலோ வரை உலர்புல் சாதாரணமாகவே வேண்டும், கடும் குளிரில் அதற்கு மேலும் கொடுக்கலாம். வயதானது, இளைத்தது, ஒதுங்க இடமில்லாதது, மயிர் கத்தரித்தது, இவற்றுக்குப் போர்வை கட்டாயம்.

மயிர் கத்தரிப்பது பற்றியும் இங்கேயே பேசிவிட வேண்டும், ஏனென்றால் சவாரிக்காரருக்கு உண்மையான கேள்வி அதுதான். அடர்ந்த ரோமத்தோடு நன்றாக வேர்த்த குதிரை முழுக்க உலர மணிக்கணக்காகும். அந்தி சாய்ந்து குளிர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது ஈரத்தோடு நிற்கும். வாரத்தில் நாலைந்து நாள் கடினமாக வேலை வாங்குகிறீர்கள் என்றால் கத்தரிப்பதுதான் குதிரைக்குச் செய்கிற நன்மை. ஆனால் முழு உடம்பையும் மழித்துவிட்டால் அதற்கப்புறம் போர்வையை நாளுக்கு இரண்டு மூன்று தடவை மாற்றுகிற பொறுப்பு உங்கள் தலையில். எனக்குப் பிடித்தது நடுவழி. கழுத்தின் அடிப்பக்கம், மார்பு, வயிற்றின் கீழ்ப்பக்கம், அதாவது வேர்வை முதலில் கொட்டுகிற இடங்களை மட்டும் எடுத்துவிட்டு, முதுகிலும் இடுப்பிலும் கால்களிலும் மயிரை அப்படியே விட்டுவிடுவது. மழை விழுகிற இடம் மூடியிருக்கும், வேர்வை வருகிற இடம் திறந்திருக்கும்.

சவாரி முடிந்ததும் போர்த்துகிற துணியில் கம்பளிக்கும் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணிக்கும் போட்டி. ஃப்ளீஸ் லேசு, மெஷினில் போட்டுத் துவைக்கலாம், சீக்கிரம் காயும், அன்றாடத்துக்கு அது போதும். கம்பளி கனம், துவைப்பது பெரும்பாடு, ஆனால் தானே நனைந்தாலும் சூட்டை விடாது. போர்த்திய கொஞ்ச நேரத்தில் கம்பளியின் மேல்புறத்தைத் தடவினால் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் கைக்குத் தட்டுப்படும், அடியில் குதிரையின் முதுகு உலர்ந்துகொண்டிருக்கும். உண்மையிலேயே குளிர்கிற நாளுக்கு நான் கம்பளியைத்தான் எடுப்பேன். எதுவுமே இல்லாத இடத்தில் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு: முதுகில் வைக்கோலைப் பரப்பி அதன் மேல் காற்றோட்டமான துணி எதையாவது போடுங்கள், வைக்கோல் இடைவெளி விடுவதால் ஆவி வெளியேறி முதுகு காயும்.

சேணத்தில் தோலா சிந்தெடிக்கா? வெறும் மழையை மட்டும் வைத்துப் பார்த்தால் சிந்தெடிக் ஜெயித்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவி ஈரத்துணியால் துடைத்து மாட்டிவிடலாம், எடையும் குறைவு. தோல் சேணம் நனைந்தால் வேலை அதிகம். சேற்றை உடனே துடைக்க வேண்டும், சேண சோப்புப் போட வேண்டும், அடுப்புக்கும் ஹீட்டருக்கும் தள்ளி வைத்து நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும், அப்புறம் எண்ணெய். அவசரப்பட்டுச் சூட்டில் காய வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், அப்படியே போட்டு வைத்தால் இரண்டே வாரத்தில் பச்சைப் பூஞ்சை பூத்துவிடும். இத்தனையையும் சொல்லிவிட்டு நான் சொல்வது, குதிரையின் முதுகுக்குச் சரியாகப் பொருந்துகிற சேணம் எதுவோ அதையே எடுங்கள் என்றுதான். குளிர்காலத்தில் ரோமம் தடித்து, உடம்பும் ஏறி இறங்குவதால் கோடையில் பொருந்திய சேணம் இப்போது இறுக்கலாம். இரண்டும் ஒன்றுபோலப் பொருந்தினால் மழைநாளுக்கு சிந்தெடிக். நாம் கால் வைக்கும் அங்கவடியைத் தாங்குகிற வாரின் தையலை மட்டும் மாதம் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், தோல் வாரில் ஈரம் முதலில் தின்பது நூலைத்தான். கையில் பிடிக்கும் கடிவாள வாருக்கு ரப்பர் சுற்றியதுதான் சரி, நனைந்த வெறும் தோல் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்.

அடுத்தது கால். லாடமா, வெறும் குளம்பா? பனியில் லாடத்துக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. குளம்பின் சூட்டில் இளகும் பனி லாடத்தின் குளிர்ந்த இரும்பில் பட்டு மறுபடி உறைந்து, அடியில் பந்தாகத் திரண்டுவிடும். பந்து பெரிதானதும் குதிரை உயரச் செருப்புப் போட்டவர் மாதிரி தள்ளாடி நடக்கும், குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் அந்தக் கீழ் மூட்டு எந்த நிமிடமும் பிசகலாம். லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே பனியை வெளியே தள்ளுகிற ரப்பர் பட்டை வைத்து லாடம் அடிக்கச் சொன்னால் இது பெருமளவு தீரும். வெறும் குளம்பில் பனி அவ்வளவாகத் திரளாது, திரண்டாலும் நாலு அடி வைப்பதற்குள் விழுந்துவிடும். அதனால் புதுப்பனியில் வெறும் குளம்புக்கே என் ஓட்டு.

ஆனால் பனி இறுகிக் கண்ணாடியாகிவிட்டால் கதை மாறுகிறது. அங்கே டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் கூர்முனை வைத்த லாடத்துக்கு ஈடே இல்லை. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் 1907 முதல் உறைந்த ஏரியின் மேல் குதிரைப் பந்தயம் நடக்கிறது என்றால் அது அடியில் கூர்முனை இருப்பதால்தான். அதற்காக எப்போதும் முனையோடு ஓட்டாதீர்கள். குளம்பு தரையில் பட்டதும் இயல்பாகக் கொஞ்சம் வழுக்கி நிற்க வேண்டும், முனை அதைச் சட்டென்று பிடித்து நிறுத்தினால் அதிர்ச்சி முழுக்க மூட்டுக்கும் தசைநாணுக்கும் போகிறது. சேற்றுக்கு இரண்டுமே அவ்வளவு ஒத்துவராது. லாடத்தைச் சேறு உறிஞ்சிப் பிடுங்கிவிடும், வெறும் குளம்போ ஊறி மென்மையாகி, அடுத்து உறைந்து கட்டிதட்டிய தரையில் போனால் கன்றிப்போகும். ஆழமான சேற்றில் நடைதான், அதுவும் முடிந்தால் சுற்றிப் போய்விடுங்கள். திரும்பி வந்ததும் குளம்பைச் சுரண்டி முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடையும் கறுப்புக் கசிவும் இருந்தால் அடியிலிருக்கும் அந்த முக்கோண மெத்தை அழுகத் தொடங்கிவிட்டது.

நமக்கான உடுப்பை நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. மெழுகுத் துணிக் கோட்டு கனம், ஆனால் முள்ளில் மாட்டினாலும் கிழியாது, காற்றில் படபடத்துக் குதிரையை மிரட்டாது. மூச்சுவிடும் சவ்வு வைத்த நவீன ஜாக்கெட் லேசு, உள்ளே வேர்க்காது, அந்தச் சரசரச் சத்தத்துக்குக் குதிரையைப் பழக்கிவிட்டுத்தான் அதைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். உள்ளே பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரை ஏற்றும், கம்பளி போடுங்கள். குளிருக்கென்று தடிமனான பூட்ஸ் போடுகிறவர்கள் அங்கவடியை மறந்துவிடுகிறார்கள். பூட்ஸின் அகலத்தைவிட அங்கவடி கிட்டத்தட்ட 2.5 சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். கோடை அங்கவடியில் குளிர்கால பூட்ஸை நுழைத்து, விழும்போது கால் சிக்கிக்கொண்டால் குதிரை உங்களை இழுத்துக்கொண்டே ஓடும்.

கூரை போட்ட மைதானமா, வெளியா என்பது காற்றைப் பொறுத்தது. சும்மா தூறினால் வெளியே போங்கள், குதிரைக்கு அது பெரிய விஷயமே இல்லை. பலத்த காற்றில் அதன் காதுக்கு எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது, சின்ன இலை பறந்தாலும் மிரளும், அன்றைக்குக் கூரைக்குள். இடி மின்னல் என்றால் சவாரியே கிடையாது. எங்கே ஓட்டினாலும் கடும் குளிரில் நாலுகால் பாய்ச்சல் வேண்டாம், உறைந்த உலர்காற்றை வேகமாக இழுப்பது அதன் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். ஏறுவதற்கு முன் கடிவாள இரும்பைக் கையில் பொத்திச் சூடாக்கி வாயில் வையுங்கள். முதல் 15 நிமிடம் நடை, கடைசி 15 நிமிடமும் நடை.

இறங்கியதும் குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர். ஜில்லென்ற தண்ணீரைக் குதிரை குறைவாகத்தான் குடிக்கும், உலர்புல்லைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குறைந்தால் குடலில் அடைத்துக்கொண்டு வயிற்றுவலி வரும். அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து நான் மறுபடி லாயத்துக்குப் போவேன். காதடியைப் பிடித்துப் பார்ப்பேன், துணிக்கு அடியில் கையை விட்டுத் தோளுக்குப் பின்னால் மயிரின் வேர் வரைக்கும் விரலை இறக்குவேன். பிசுபிசுப்பு இருந்தால் ஈரத் துணியை எடுத்துவிட்டு உலர்ந்ததைப் போர்த்தி, இன்னும் அரை மணி நேரம் பக்கத்திலேயே நிற்பேன். உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால்தான் விளக்கை அணைப்பேன்.