கவசமா, கப்பலா?

ஸ்டார் வார்ஸ் படங்களின் ரசிகர் மன்றமான 501ஆவது லீஜியன், ஸ்டார் ட்ரெக் தொடரின் ரசிகர் மன்றமான ஸ்டார்ஃப்ளீட் இன்டர்நேஷனல்: இரண்டில் எதில் சேரலாம்? 'உறுப்பினர்' என்ற சொல்லுக்கு ஒவ்வொன்றிலும் பொருளே வேறு.

1997இல் அமெரிக்காவில் தொடங்கிய 501இல் சந்தா கிடையாது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். படத்தில் வரும் வில்லன் தரப்பு உடை ஒன்று, அச்சு அசலாக, சொந்தமாக இருக்க வேண்டும். புகைப்படங்களை நுணுக்கமாகப் பார்த்த பிறகுதான் ஒப்புதல். கவச உடை செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகலாம், பணமும் கரையும். சேர்ந்த பிறகும் ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சியிலாவது அந்த உடையில் நின்றால்தான் செயல்படும் உறுப்பினர். குழந்தைகள் மருத்துவமனை, நன்கொடை திரட்டும் நிகழ்ச்சி என்று எங்கே போனாலும் தங்களுக்கென்று காசு வாங்குவதில்லை. ஹெல்மெட்டுக்குள் பார்வை குறைவு, வியர்வை கொட்டும். அதனால் சாதாரண உடையில் ஒருவர் கூடவே வழிகாட்டி நடப்பார். இந்தத் துணையாள் மேல் எனக்குத் தனி மரியாதை. எடுக்கும் புகைப்படங்களில் அவர் இருக்க மாட்டார், ஆனால் அவர் இல்லாமல் கவசக்காரரால் ஒரு படிகூட இறங்க முடியாது.

ஸ்டார்ஃப்ளீட் 1974 முதல் இருக்கிறது. உடை கட்டாயமில்லை. கிளைகளுக்கு விண்கப்பல் பெயர். உறுப்பினருக்குப் பதவிப் படிகள். வீட்டிலிருந்தே பாடம் படித்துத் தேர்வும் எழுதலாம். சுமையெல்லாம் கிளைத் தலைவருக்குத்தான்.

ஷிஃப்ட் வேலை, கைக்குழந்தை என்றிருப்பவர்கள் கப்பலேறட்டும். சனிக்கிழமைகள் கையில் இருந்தால், என் ஓட்டு கவசத்துக்கு.